கடைசித் தாளை எழுதியவர் யார்? – மூன்று நாவல்களில் அதிகாரமும் உண்மையும்



சில ஆண்டுகளுக்கு முன், சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலை ஐந்தாம் படிவ மாணவர்களோடு படித்து முடித்த நாள். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் கையைத் தூக்கினான். "டீச்சர், கதை ஒக்கொங்வோவப் பத்தினதுதானே? அவரு செத்ததும் கதை முடிஞ்சிருக்கணும். அப்புறம் எதுக்கு அந்த வெள்ளக்கார ஆபீசர் புக்கு எழுதப்போறதப் பத்தி யோசிக்கிறாரு? அது தேவையே இல்லியே?"

நல்ல கேள்வி. நான் சொன்ன பதில்தான் நல்ல பதில் இல்லை. "அது ஒரு முரண்நகை, குறிச்சு வச்சுக்கோ, மார்க் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு மணி அடித்ததும் வெளியே வந்துவிட்டேன். அன்று இரவு, மாணவர்களுக்கு நானே தயாரித்துக் கொடுத்திருந்த குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். 25 அத்தியாயம் கொண்ட நாவல். அதில் ஒக்கொங்வோவின் வாழ்க்கைக்கு நான் ஒதுக்கியிருந்தது ஐந்து வரி. அந்த ஆபீசர் ஒதுக்க நினைத்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! பையன் கேட்ட கேள்வியின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதிகாரம் நிலத்தைப் பிடிக்கிறது, உழைப்பைப் பிடிக்கிறது. ஆனால் 'இங்கே என்ன நடந்தது' என்று எழுதும் உரிமையையும் பிடித்த பிறகுதான் அதன் வேலை முடிகிறது. நம் பிள்ளைகள் அடிக்கடி சந்திக்கும் மூன்று நாவல்கள் இதைத்தான் மூன்று விதமாகச் சொல்கின்றன. ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்', அச்செபேயின் நாவல், ஜார்ஜ் ஆர்வெலின் '1984'. மூன்றிலும் ஒரு தாள் வருகிறது. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு போனால், 'அதிகாரம், காலனித்துவம், உண்மை' என்ற பெரிய தலைப்பு கைக்குள் அடங்கிவிடும். இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்யப் போகிறோம்.

முதல் தாள்: கிழித்தெடுக்கப்பட்ட பின்குறிப்பு

முதலில் கான்ராட். 1857இல், அன்றைய ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த பகுதியில், ஒரு போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா அரசியல் காரணங்களுக்காக நாடுகடத்தப்பட்டவர். ஆங்கிலம் கான்ராடுக்குத் தாய்மொழி அல்ல. வளர்ந்த பிறகு கற்றுக்கொண்ட மொழி. கப்பலில் வேலை செய்தவர். நம் பக்கத்துக்கும் இவருக்கும் உறவு உண்டு. 1887இல் சிங்கப்பூரிலிருந்து போர்னியோ பக்கம் போய்வந்த 'விடார்' என்ற நீராவிக் கப்பலில் அதிகாரியாக இருந்தார். இவருடைய முதல் நாவல் 'ஆல்மேயர்ஸ் ஃபாலி' அந்தக் கடற்கரையில்தான் நடக்கிறது.

1890இல் அவர் காங்கோவுக்குப் போனார். அப்போது காங்கோ, பெல்ஜியம் நாட்டின் காலனிகூட இல்லை. அந்நாட்டு மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச்சொத்து! 1885 முதல் 1908 வரை அப்படித்தான் இருந்தது. வெளியுலகத்துக்கு மன்னர் சொன்னது, அடிமை வியாபாரத்தை ஒழிக்கிறோம், நாகரிகம் கொண்டுபோகிறோம் என்பது. உள்ளே நடந்தது தந்தமும் ரப்பரும் பிடுங்குவது.

1899இல் ஒரு மாத இதழில் தொடராக வந்து, 1902இல் நூலாக வெளியான 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' இந்தப் பயணத்திலிருந்து பிறந்தது. கதை சொல்பவர் மார்லோ. ஆற்றின் உட்பகுதியில் இருக்கும் குர்ட்ஸ் என்ற தந்த வியாபார ஏஜென்டைத் தேடிப் போகிறார். போகிற வழியெல்லாம் பெயர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். சங்கிலியில் கட்டப்பட்டு நடப்பவர்களைக் 'குற்றவாளிகள்' என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத காட்டைப் பார்த்துப் பீரங்கி சுடும்போது அங்கே இருப்பவர்கள் 'எதிரிகள்'. குர்ட்ஸின் வீட்டெதிரே கம்பங்களில் செருகியிருக்கும் தலைகள் 'கலகக்காரர்கள்'. ஒரே மக்கள்தான், கொல்வதற்கு எந்தப் பெயர் வசதியோ அந்தப் பெயர். மார்லோவே இதைக் கவனித்துக் கசப்போடு சிரிக்கிறார்.

இப்போது அந்தத் தாள். 'காட்டுமிராண்டிப் பழக்கங்களை ஒழிக்கும்' ஒரு சர்வதேச அமைப்புக்காகக் குர்ட்ஸ் ஓர் அறிக்கை எழுதி வைத்திருக்கிறார். நெருக்கமான கையெழுத்தில் 17 பக்கம். சொல்வன்மை பொங்குகிறது, படிக்கிறவருக்கு மெய்சிலிர்க்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்தின் அடியில், பின்னொரு காலத்தில் நடுங்கும் கையால் கிறுக்கிய ஒரு பின்குறிப்பு இருக்கிறது. அந்த மக்களை அடியோடு அழித்துவிடச் சொல்லும் குறிப்பு. பதினேழு பக்கத்தில் மூடி வைத்த உண்மையை அந்த ஒரு வரி திறந்துவிடுகிறது.

குர்ட்ஸ் இறந்த பிறகு மார்லோ என்ன செய்கிறார்? இதுதான் முக்கியம். பின்குறிப்பைக் கிழித்து எடுத்துவிட்டு, அறிக்கையை மட்டும் ஒரு பத்திரிகையாளரிடம் வெளியிடக் கொடுக்கிறார். பிறகு குர்ட்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணைப் பார்க்கப் போகிறார். அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று அவள் கேட்கிறாள். உங்கள் பெயரைத்தான் சொன்னார் என்று பொய் சொல்கிறார். கொடுமையைக் கண்ணால் கண்டவர், பொய்யை வெறுக்கிறேன் என்று தன் வாயாலேயே சொன்னவர், கடைசியில் பொய்யைக் காப்பாற்றும் ஆளாகிறார். ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது அழகான 17 பக்கம் மட்டும்.

பிள்ளைகள் இங்கே "மார்லோ நல்லவரா கெட்டவரா" என்று வாதாடுவார்கள். வாதாடட்டும். ஆனால் கேள்வியைச் சற்று மாற்றிப் போடுங்கள்: 'மார்லோ கிழித்ததால் யாருக்கு நிம்மதி? யாருக்கு நஷ்டம்?' நிம்மதி அந்தப் பெண்ணுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும். நஷ்டம் ஆற்றங்கரையில் இருக்கும் மக்களுக்கு. அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

நாவலுக்கு வெளியே: கப்பல் கணக்கும் எரிந்த காகிதமும்

இது வெறும் கற்பனை இல்லை என்பதை மாணவர்களுக்குக் காட்ட இரண்டு உண்மைச் சம்பவங்கள் போதும்.

ஒன்று. லிவர்பூலைச் சேர்ந்த ஒரு கப்பல் நிறுவனத்தில் ஈ.டி. மொரெல் என்ற இளம் எழுத்தர் வேலை பார்த்தார். காங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் தந்தமும் ரப்பரும் குவிந்து வந்தன. திரும்பிப் போகும் கப்பல்களிலோ பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும். வியாபாரம் என்றால் கொடுத்து வாங்குவதுதானே? பதிலுக்குக் கொடுக்க ஒன்றும் போகவில்லையென்றால் அங்கே நடப்பது கட்டாய உழைப்பு என்று கணக்கைப் பார்த்தே கண்டுபிடித்தார். வேலையை விட்டுவிட்டு, 1904இல் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட், பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களோடு எழுதிய அறிக்கையும் வெளிவந்தது.

இரண்டு. உலகத்தின் எதிர்ப்பு வலுத்து, 1908இல் காங்கோவை பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க வேண்டிய நிலை லியோபோல்டுக்கு வந்தது. ஒப்படைப்பதற்கு முன் தன் நிர்வாகத்தின் ஆவணங்களை எரிக்கச் சொன்னார். அடுப்பு நாள்கணக்கில் எரிந்தது. மார்லோ ஒரு பின்குறிப்பைக் கிழித்தார். மன்னர் ஒரு நாட்டின் நினைவையே அடுப்பில் போட்டார்.

ரப்பர் என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஓர் ஒட்டுதல் வரும். காங்கோவில் காட்டுக்கொடிகளிலிருந்து ரப்பர் எடுத்தார்கள். உலகத்தின் ரப்பர் தேவையைப் பிறகு நிரப்பியது மலாயா போன்ற இடங்களின் தோட்ட ரப்பர். அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் நம் தாத்தா பாட்டிகள் எத்தனை பேர்! அவர்களைப் பற்றித் தோட்ட நிர்வாகத்தின் பதிவேட்டில் இருப்பது பேரும் கூலியும். மற்றதெல்லாம் வீட்டுத் திண்ணையில் சொன்ன கதை. எழுதப்பட்டது எது, எழுதப்படாதது எது என்ற கேள்வி நமக்குத் தூரத்துக் கேள்வி இல்லை.

இரண்டாம் தாள்: ஒரே ஒரு பத்தி

அச்செபே 1930இல் நைஜீரியாவின் ஒகிடியில் பிறந்தவர். கல்லூரியில் படித்தபோது, ஆப்பிரிக்காவைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய நாவல்களைத்தான் பாடமாகப் படித்தார். அவற்றில் தன் மக்களைத் தேடினார். கிடைத்தது கேலிச் சித்திரம். நம் கதையை நாமே எழுத வேண்டும் என்ற எண்ணம் அங்கே விழுந்தது. 1958இல் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' லண்டனில் வெளியானது. நைஜீரியா விடுதலை பெற்றது 1960இல். நாடு கைக்கு வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே கதை கைக்கு வந்துவிட்டது. தமிழில் என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்ற பெயரில் இது கிடைக்கிறது. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

உண்மை எந்தெந்த இடத்தில் திரிகிறது என்று அச்செபே படிப்படியாகக் காட்டுகிறார். முதல் படி, மொழிபெயர்ப்பு. வெள்ளைக்காரப் பாதிரியாரோடு வந்த மொழிபெயர்ப்பாளர் இக்போ பேசுபவர்தான், ஆனால் வேறு வட்டார வழக்கு. அவர் 'நான்' என்ற பொருளில் சொல்லும் சொல் இந்த ஊரில் 'என் பிட்டம்' என்று விழுகிறது! ஊரே சிரிக்கிறது. வகுப்பும் சிரிக்கும். சிரித்து முடிந்ததும் கேளுங்கள்: சட்டமும் தீர்ப்பும் இதே மாதிரி ஆள் வழியாக வந்தால் என்ன ஆகும்?

அதற்கான பதில் பின்னால் வருகிறது. ஊர்த் தலைவர்கள் ஆறு பேரைப் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்து, விலங்கு மாட்டுகிறார் மாவட்ட ஆணையர். 200 மூட்டைச் சோழி அபராதம் என்கிறார். கோர்ட் சேவகர்கள் ஊருக்குப் போய் 250 மூட்டை என்று சொல்கிறார்கள். மிச்சம் 50 அவர்கள் பைக்கு. ஆணையருக்கு இது தெரியாது, ஊருக்கும் தெரியாது. நடுவில் நிற்பவர்களிடம் மட்டும் இரண்டு உண்மையும் இருக்கிறது. காலனி ஆட்சி மேலே ஒரு வெள்ளைக்காரரால் மட்டும் ஓடவில்லை, நடுவில் நிற்கும் நம்மவர்களாலும் ஓடியது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கடைசிப் படி, அந்தப் பத்தி. ஊர்க் கூட்டத்தைக் கலைக்க வந்த சேவகர்களின் தலைவனை ஒக்கொங்வோ வெட்டிவிடுகிறான். ஊர் தன்னோடு எழவில்லை என்று புரிகிறது. தூக்குப் போட்டுக்கொள்கிறான். தற்கொலை செய்தவரின் உடலைச் சொந்த ஊர்க்காரர் தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் நண்பன் ஓபியரிகா, ஆணையரிடம் உங்கள் ஆட்களை விட்டு இறக்குங்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஊரின் மிகப் பெரிய மனிதர்களில் ஒருவனை நீங்கள் சாவுக்குத் தள்ளினீர்கள் என்று குமுறுகிறான், தொண்டை அடைக்கிறது. ஒரு சேவகன் அவனை வாயை மூடச் சொல்கிறான்.

ஆணையர் நடந்துகொண்டே யோசிக்கிறார். தான் எழுதப்போகும் புத்தகத்தில் இந்த ஆளைப் பற்றிச் சுவையாக எழுதலாம். ஓர் அத்தியாயம்? வேண்டாம், ஓரளவு நீளமான ஒரு பத்தி போதும். புத்தகத்துக்குப் பெயரும் வைத்துவிட்டார். நைஜர் ஆற்றின் கீழ்ப்பகுதிப் பழங்குடிகளை 'அமைதிப்படுத்திய' கதை அது. சந்தை நாளில் அபாமே என்ற ஊரையே சுற்றி வளைத்துச் சுட்டுத் தள்ளியது நாவலில் முன்னாலேயே வந்துவிட்டது. அதற்கும் அவருடைய அகராதியில் 'அமைதி' என்றுதான் பெயர்.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். ஏன் ஆபீசரோடு முடிகிறது? 25 அத்தியாயம் படித்த நமக்கு ஒக்கொங்வோ யார் என்று தெரியும். அவனுடைய பயம், அவனுடைய அப்பா மேல் இருந்த வெட்கம், மகள் எசின்மா மேல் இருந்த பாசம், எல்லாம் தெரியும். அதெல்லாம் ஒரு பத்தியாகச் சுருங்கப் போவதை நம் கண் முன்னாலேயே காட்டுகிறார் அச்செபே. அந்த நினைப்பு அங்கே இல்லையென்றால் இது ஒரு மனிதனின் சோகக்கதை. அது இருப்பதால், கதை எப்படித் திருடப்படுகிறது என்பதும் சேர்ந்துவிடுகிறது. ஆணையர் எழுதப்போகும் புத்தகத்துக்குப் பதில்தான் நம் கையில் இருக்கும் இந்த நாவல்.

ஒன்றை மறக்க வேண்டாம். அச்செபே தன் மக்களைப் பொன்னாக மட்டும் காட்டவில்லை. இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் விடும் வழக்கத்தையும், இக்கெமெஃபுனா என்ற சிறுவனைக் கொன்றதையும் மறைக்காமல் எழுதுகிறார். பொய்க்கு எதிராக இன்னொரு பொய்யை வைக்காததுதான் அவருடைய பலம்.

இந்த இடத்தில் கான்ராடையும் அச்செபேயையும் எதிரெதிரே நிறுத்தலாம். 1975இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேசிய அச்செபே, 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலில் ஆப்பிரிக்கா ஒரு பின்னணித் திரையாகத்தான் இருக்கிறது, அங்குள்ளவர்களுக்குப் பேசும் வாயே பெரும்பாலும் இல்லை என்று கடுமையாகச் சொன்னார். கான்ராடை இனவெறியர் என்றே சொன்னார். அதை மறுப்பவர்கள், மார்லோ வேறு கான்ராட் வேறு, காலனி ஆட்சியின் போலித்தனத்தை அந்தக் காலத்திலேயே தோலுரித்தவர் கான்ராட் என்கிறார்கள். மாணவர்கள் இரண்டு பக்கத்தையும் சொல்லி, தம் நிலைப்பாட்டை நாவலிலிருந்து சான்றோடு எழுத வேண்டும்.

மூன்றாம் தாள்: நினைவுக் குழியில் போடப்பட்டது

'1984' என்றால் மாணவர்கள் உடனே சர்வாதிகாரம், கேமரா, 'பெரிய அண்ணன்' என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். தவறில்லை. ஆனால் ஆர்வெலுக்குப் பொய் ஆட்சி என்றால் என்ன என்று முதலில் கற்றுக்கொடுத்தது காலனி. 1903இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் இந்திய அரசின் அபின் இலாகாவில் அதிகாரி. 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தார். 1934இல் வந்த அவருடைய 'பர்மீஸ் டேஸ்' நாவலில் டாக்டர் வீராசாமி என்ற இந்திய மருத்துவர் வருகிறார். பெயரைக் கேட்டதும் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்! அவரை வீழ்த்துவது துப்பாக்கி அல்ல, மொட்டைக் கடிதங்கள். யூ போ சின் என்ற பர்மிய நீதிபதி பொய்க் கடிதம் எழுதியே அவர் பெயரைக் கெடுக்கிறார். ஒரு கலகத்தைத் தானே மூட்டிவிட்டு, தானே அடக்கி, வீரர் என்று பெயரும் வாங்கிக்கொள்கிறார். 1941 முதல் 1943 வரை பிபிசியில் இந்தியாவுக்கான போர்க்காலப் பேச்சுகளைத் தயாரிக்கும் வேலையிலும் ஆர்வெல் இருந்தார். செய்தி எப்படிச் சமைக்கப்படுகிறது என்று சமையலறையிலிருந்தே பார்த்தவர்.

1949இல் வந்த '1984' நாவலின் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித், உண்மை அமைச்சின் ஆவணப் பிரிவில் எழுத்தர். பழைய நாளிதழ்களைத் திருத்துவது அவன் வேலை. சாக்லேட் பங்கீட்டைக் குறைக்க மாட்டோம் என்று அரசு வாக்குக் கொடுத்திருந்தது. இப்போது 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைக்கப் போகிறார்கள். வாக்குறுதி இருந்த இடத்தில், குறைக்க நேரலாம் என்ற எச்சரிக்கையை எழுதி ஒட்ட வேண்டும். பழைய தாள் சுவரில் இருக்கும் 'நினைவுக் குழி' வழியாக உலைக்குப் போய்விடும். பின்பு, பங்கீட்டை 20 கிராமாக 'உயர்த்தியதற்கு' மக்கள் நன்றி சொல்லி ஊர்வலம் போனார்கள் என்று செய்தி வருகிறது. குறைத்த அறிவிப்பு வந்தது முந்தின நாள்தான்! கேட்பவர்கள் நம்புகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தாள் இல்லையே.

நாவலின் அந்தத் தாள் ஒரு புகைப்படம். மூன்று முன்னாள் தலைவர்கள் துரோகம் செய்ததாக ஒப்புக்கொண்ட நாளில் அவர்கள் உண்மையில் வேறு இடத்தில் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. வின்ஸ்டன் கையில் சில நிமிடம் இருந்தது. பயந்து குழியில் போட்டுவிட்டான். பின்னால், அவனை வதைக்கும் ஓ'பிரையன் அதே படத்தை எடுத்துக் காட்டுகிறான், பிறகு குழியில் போடுகிறான், அப்படி ஒன்று இருந்ததாகவே தனக்கு நினைவில்லை என்கிறான். பொய் சொல்வது பழைய ஆட்சிகளின் வேலை. பொய் என்று சொல்ல ஒரு சாட்சியும் மிஞ்சாமல் செய்வது இந்த ஆட்சியின் வேலை. ஸ்டாலின் காலத்து சோவியத்தில், வீழ்ந்துபோன அதிகாரிகளைப் புகைப்படங்களிலிருந்தே அழித்தது உண்மையில் நடந்ததுதான்.

காலனித்துவம் இந்த நாவலில் எங்கே? இதைப் பலர் தவறவிடுகிறார்கள். மூன்று பெரும் அரசுகள் ஓயாமல் போரிடுகின்றனவே, எதற்காக? நாவலுக்குள் வரும் ஒரு தடைசெய்யப்பட்ட நூல் விளக்குகிறது. தாஞ்சியர், பிராஸவில், டார்வின், ஹாங்காங் ஆகிய நான்கு நகரங்களை மூலைகளாக வைத்து ஒரு நாற்கரம் வரையுங்கள். அதற்குள் இருக்கும் மக்களின் மலிவான உழைப்புக்காகத்தான் போர். தென்னிந்தியாவும் இந்தோனேசியத் தீவுகளும் அங்கே பெயரோடு வருகின்றன.

வகுப்பில் ஓர் உலகப் படத்தை விரித்து இந்த நான்கு புள்ளிகளையும் கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். பிராஸவில் காங்கோ ஆற்றங்கரை நகரம். கான்ராட் போன அதே ஆறு. பிறகு கோட்டுக்குள் மலேசியாவும் சிங்கப்பூரும் தமிழ்நாடும் இருப்பதைக் காட்டுங்கள். "டீச்சர், நாமளும் உள்ள இருக்கோமா?" என்று யாராவது கேட்பார்கள். ஆமாம், இருக்கிறோம். ஆனால் அந்த நாற்கரத்துக்குள் இருக்கும் ஒருவர்கூட நாவலில் வாய் திறந்து பேசவில்லை. லண்டனில் ஒருவனுடைய நினைவைப் பறிப்பது எவ்வளவு கொடுமை என்று காட்டிய ஆர்வெலின் நாவலிலும் அவர்களுக்கு ஒரு பத்திதான். இதை ஆர்வெல் மேல் குற்றமாகவும் வைக்கலாம். அந்த ஆட்சி அவர்களை எப்படிப் பார்க்கிறது என்பதைக் காட்டும் உத்தி என்றும் வாதிடலாம். காரணம் சொன்னால் இரண்டுமே நல்ல விடைதான்.

தேர்வில் எழுதும்போது

எந்த மொழியில் விடை எழுதினாலும், 'காலனித்துவம் கொடியது', 'அதிகாரம் உண்மையை மறைக்கும்' என்று பொதுவாக எழுதினால் மதிப்பெண் ஏறாது. நாவலில் ஒரு தாளையோ செய்தியையோ பிடித்துக்கொண்டு இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. இதை எழுதியது யார்? குர்ட்ஸ், மாவட்ட ஆணையர், வின்ஸ்டன்.
2. யார் படிப்பதற்காக? ஐரோப்பிய அமைப்பு, இங்கிலாந்து வாசகர், தன் சொந்த மக்கள்.
3. இதில் யாருடைய குரல் இல்லை? ஆற்றங்கரை மக்கள், ஓபியரிகா, 'இல்லாமல் ஆக்கப்பட்டவர்கள்'.
4. எது நீக்கப்பட்டது, அல்லது சுருக்கப்பட்டது? பின்குறிப்பு, ஒரு வாழ்க்கை, ஒரு வாக்குறுதி.

இந்த நான்குக்கும் விடை கிடைத்தால் ஒரு பத்தி தயார். மாதிரிக்கு ஒன்று:

'அச்செபேயின் மாவட்ட ஆணையர், ஒக்கொங்வோவின் வாழ்வை ஒரு பத்தியாகச் சுருக்க நினைக்கிறார். ஓபியரிகா அங்கேயே பேசியும் அவருடைய சொற்கள் அந்தப் பத்தியில் இடம்பெறப் போவதில்லை. 25 அத்தியாயங்களில் அந்த வாழ்வை அறிந்த வாசகருக்கு இந்தச் சுருக்கமே வன்முறையாகத் தெரிகிறது. ஆக, ஆட்சியாளரின் நூல் எதை விட்டுவிடுகிறது என்பதைக் காட்டுவதன் மூலம் ஆசிரியர் அந்த நூலின் உண்மையைக் கேள்விக்குள்ளாக்குகிறார்.'

சான்று, அதன் விளைவு, ஆசிரியரின் நோக்கம் என மூன்றும் இதில் இருப்பதைக் கவனியுங்கள்.

தவிர்க்க வேண்டியவை மூன்று. மார்லோ சொல்வதையெல்லாம் கான்ராடின் கருத்தாக எழுதாதீர்கள். ஆர்வெல் ஒரு ஜனநாயக சோஷலிஸ்ட். '1984' நாவலைச் சோஷலிசத்துக்கு எதிரானது என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். அச்செபேயின் ஊரைக் குறையே இல்லாத ஊராகக் காட்டாதீர்கள்.

ஒப்பீட்டுக் கேள்வி வந்தால் வேறுபாட்டையும் எழுத வேண்டும். கான்ராடில் உண்மையை மறைப்பவர் வருத்தத்தோடு மறைக்கிறார். அச்செபேயில் மறைப்பவருக்குத் தான் மறைக்கிறோம் என்றே தெரியவில்லை, அவ்வளவு தன்னம்பிக்கை. ஆர்வெலில் மறைப்பதே அரசாங்க வேலை, அதற்குச் சம்பளம் உண்டு. வருத்தம், அலட்சியம், அலுவலகம். இந்த வரிசையே ஒரு நல்ல கட்டுரைக்குச் சட்டகம்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

தேர்வு நெருங்கும்போது நாம் எல்லாரும் சுருக்கம் தருகிறோம். நேரம் இல்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் நாம் தரும் சுருக்கத்தை மட்டுமே படித்து, நாவலைத் திறக்காமலே தேர்வு எழுதும் பிள்ளைக்கு நாம்தான் மாவட்ட ஆணையர். எது முக்கியம், யார் எத்தனை வரி பெறுவார் என்று தீர்மானிக்கிறோம். பிள்ளை அதை அப்படியே ஒப்பிக்கிறது.

அந்தக் குறிப்புத் தாளை நான் தூக்கி எறியவில்லை. மறுநாள் வகுப்பில் எல்லாரிடமும் கொடுத்து, "இதுல நான் யார விட்டுட்டேன், கண்டுபிடிங்க" என்றேன். புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்கள். எசின்மா என்றாள் ஒருத்தி. இக்கெமெஃபுனாவுக்கு அரை வரிதான் என்றான் இன்னொருவன். கேள்வி கேட்ட அந்தப் பையன் கடைசியாகச் சொன்னான்: "ஓபியரிகா பேசுனதே இதுல இல்ல டீச்சர்."

இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் குறிப்புத் தாள் கொடுக்கிறேன். கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டு, 'டீச்சர் விட்டுவிட்டது' என்று ஒரு தலைப்பு மட்டும் போட்டிருக்கிறேன். அதைப் பிள்ளைகள் நிரப்ப வேண்டும். நீங்களும் செய்து பாருங்கள்.